எடையை அசைத்த படிக்கட்டு

வேலூர் கோட்டைக்குள் தினமும் பேசிக்கொண்டே நடந்தும் என் எடை அசையவில்லை. 70 கிலோ உடம்புக்குச் சமதரையில் நடந்தால் நிமிஷத்துக்கு 4 கலோரி அளவில்தான் செலவாகும். படி ஏறினால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஸ்கிப்பிங் இன்னும் அதிகம், ஆனால் என் முட்டிக்கு ஒத்துவரவில்லை. சரி என்று படிக்கு மாறினேன். ஞாயிற்றுக்கிழமை பக்கத்திலிருக்கும் ரத்தினகிரி மலைக்கோயில் படி, மற்ற நாளில் வீட்டு மாடிப்படி. ஒரு நிமிஷம் மூச்சு வாங்க ஏறுவது, அப்புறம் ஒரு நிமிஷம் மெதுவாக. உள்ளங்கால் முழுக்கப் படியில் பதியணும். நுனிக்காலில் ஏறினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். இறங்கும்போது அவசரமே கூடாது, முட்டி அடிவாங்குவது அங்கேதான். நம்ம ஊர் வெயிலுக்கு ஏழு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. ரவிக்கை தளர்ந்ததை முதலில் கவனித்தது டெய்லர் அக்காதான். மலையிலிருந்து இறங்கியதும் வடை வாங்குவதையும் நிறுத்தியிருந்தேன், அதையும் கணக்கில் சேர்க்கணும்.