வீட்டிலேயே ஸ்னோ குளோப்

குலுக்கினால் உள்ளே பனி பொழிவது போலத் தெரியும், தண்ணீர் நிறைந்த கண்ணாடிப் பொம்மைதான் ஸ்னோ குளோப். இதைச் செய்ய, மூடி இறுக்கமாக நிற்கும் காலி ஜாம் பாட்டில் ஒன்று போதும். மூடியின் உட்பக்கம் சின்ன பிளாஸ்டிக் பொம்மையை எபாக்சி பசையால் (இரண்டு டியூபில் வரும், கலந்து தடவும் பசை) ஒட்டி, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். இரும்பு பொம்மை வேண்டாம், துருப்பிடித்துத் தண்ணீர் பழுப்பாகிவிடும்.

கொதித்து ஆறிய தண்ணீரில் கிளிசரின் இரண்டு மூன்று ஸ்பூன் கலக்குங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்: கிளிசரின் தண்ணீரைக் கெட்டியாக்குவதால்தான் ஜிகினாத்தூள் பனி மாதிரி நிதானமாக இறங்குகிறது. ரொம்பவும் ஊற்றினால் தூள் நகராமல் அடியிலேயே ஒட்டிக்கொள்ளும். ஜிகினாத்தூளை இந்தத் தண்ணீரில் போடுங்கள்; தூள் மேலே மிதந்தால் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விடுங்கள், சரியாகிவிடும்.

அப்புறம் விளிம்பு வரை நிரப்பி, மூடியின் மரையில் பசை தடவித் திருகுங்கள். பசை காய்ந்ததும் கவிழ்த்து வைத்து, கசிகிறதா என்று பார்த்துவிட்டுக் குழந்தைகளிடம் கொடுங்கள்.