1996 புல்ஸா, 2017 வாரியர்ஸா? கற்பனைத் தொடரை நீங்களே நடத்திப் பார்க்க ஒரு செய்முறை

என் அத்தை மகனுக்கு, சிகாகோ புல்ஸ் கூடைப்பந்து அணியில் ஆடிய மைக்கேல் ஜோர்டான் என்றால் உயிர். எனக்கு கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸின் ஸ்டீஃபன் கரி. வீட்டில் ஏதாவது விசேஷம் என்று கூடினால், பந்தி முடிந்து வெற்றிலை போடுவதற்குள் இந்தச் சண்டை ஆரம்பித்துவிடும். "உங்க ஆளு அந்தக் காலத்துல ஆடியிருந்தா அடிச்சு உக்கார வெச்சிருப்பாங்க" என்பான் அவன். "உங்க ஆளுக்கு த்ரீ போடத் தெரியுமா" என்பேன் நான். (த்ரீ என்றால் தூரத்துக் கோட்டுக்கு வெளியே நின்று எறிந்து எடுக்கும் மூன்று புள்ளி.) பல வருஷம் இப்படியே போனது. கடைசியில் ஒரு நாள், கத்துவதை நிறுத்திவிட்டுக் காகிதமும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தோம். அன்று செய்ததைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். கூடைப்பந்து ஓரளவு பார்த்திருந்தால் போதும். கணக்கு என்று பார்த்தால் கூட்டல், கழித்தல், கொஞ்சம் பெருக்கல்.

தேவையானவை: ஒரு நோட்டு, 20 துண்டுச் சீட்டுகள், ஒரு டப்பா. எதிர்க்கட்சி ஆள் ஒருவர் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

படி 1: அணியை அல்ல, சீசனைத் தேர்ந்தெடுங்கள்

"புல்ஸ்" என்று பொதுவாகச் சொன்னால் ஆட்டம் தொடங்காது. எந்த வருஷத்து புல்ஸ்? நாங்கள் எடுத்தது 1995-96. அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக் ஆட்டங்களில் 72 வெற்றி, 10 தோல்வி. லீக் முடிந்ததும் முன்னணி அணிகள் மோதும் பிளே ஆஃபில் 15-3. ஃபைனல்ஸில் சியாட்டிலை 4-2 என்று வென்றார்கள்.

வாரியர்ஸ் பக்கம் நான் முதலில் 2015-16 அணியைத்தான் எழுதினேன். 73-9 ஆயிற்றே. அத்தை மகன் சிரித்தான். அந்த அணி ஃபைனல்ஸில் 3-1 என்று முன்னால் இருந்துவிட்டு கிளீவ்லாந்திடம் கோப்பையை விட்ட அணி. நாம் பேசுவது சாம்பியன்களைப் பற்றி. சரி என்று அடுத்த வருஷத்து அணிக்குப் போனேன். கெவின் டுராண்ட் சேர்ந்த 2016-17: லீக்கில் 67-15, பிளே ஆஃபில் 16-1.

இந்த ஜோடியில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. 1996 புல்ஸின் பெஞ்சிலிருந்து இறங்கி த்ரீ போட்டுக்கொண்டிருந்த ஸ்டீவ் கெர்தான் 2017 வாரியர்ஸின் பயிற்சியாளர். நம் தொடரில் அவர் இரண்டு பக்கமும் இருப்பார். கற்பனைதானே, இருக்கட்டும்.

இந்தப் படியிலேயே இன்னொன்றையும் முடிவு செய்யுங்கள். வீரர்களை அப்படியே கால இயந்திரத்தில் ஏற்றிக் கொண்டுவருகிறீர்களா, இல்லை "இந்தக் காலத்தில் பிறந்திருந்தால்" என்று பார்க்கிறீர்களா? இரண்டாவதில் இறங்கினால் முடிவே வராது. ஜோர்டான் சின்ன வயதிலிருந்து த்ரீ பழகியிருப்பார் என்று அவன் சொல்வான், கரி ஜிம்முக்குப் போய் உடம்பை ஏற்றியிருப்பார் என்று நான் சொல்வேன். முதலாவதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: எந்த வருஷத்து விதிப் புத்தகம்?

புதிதாக இறங்குபவர்கள் தாண்டிப் போவது இந்தப் படியைத்தான். எங்கள் பல வருஷச் சண்டையும் இங்கேதான் சிக்கிக் கிடந்தது. அவன் மனதுக்குள் 1996 விதிகளில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது, என் மனதில் 2017. அவரவர் மைதானத்தில் அவரவர் ஜெயித்துக்கொண்டிருந்தோம்.

முக்கியமான வித்தியாசங்கள் மூன்று.

முதலில் மூன்று புள்ளிக் கோடு. இன்று கூடைக்கு நேர் எதிரே அது 7.24 மீட்டர் தூரத்தில் இருக்கிறது, மூலைகளில் 6.7 மீட்டர். ஆனால் 1994-95 முதல் 1996-97 வரை மூன்று சீசனுக்கு மட்டும் என்.பி.ஏ. அந்தக் கோட்டை முழுக்க 6.7 மீட்டருக்கு இழுத்து வைத்திருந்தது. 1996 புல்ஸ் ஆடியது அந்தக் கிட்டக் கோட்டில்தான். அந்த சீசனில் ஜோர்டான் த்ரீ போட்ட விகிதம் 42.7 சதவீதம். கோடு பழைய இடத்துக்குப் போன 1997-98-ல் அதே ஜோர்டான் 23.8 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் நான் அடுத்தடுத்து எழுதிக் காட்டியதும் அத்தை மகன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

இரண்டாவது, கை வைப்பது. பந்தைத் தட்டிக்கொண்டு வருபவரை முன்கையால் அழுத்தி வேகத்தைக் குறைக்க 1996-ல் முடியும். 1997-ல் அதற்குத் தடை வந்தது, 2004-க்குப் பிறகு இன்னும் இறுக்கினார்கள். கரி மாதிரி ஆளுக்கு இது பெரிய விஷயம்.

மூன்றாவது, தடுப்பாட்டம் நிற்கும் இடம். 2001 வரை ஜோன் தடுப்புக்கு, அதாவது ஆளைப் பிடிக்காமல் இடத்தைக் காப்பதற்கு, அனுமதி இல்லை. ஆளை விட்டுவிட்டு நடுவில் சும்மா நிற்க முடியாது. 2001-02 முதல் நிற்கலாம், ஆனால் யாரையும் காக்காமல் கூடைக்கு முன்னால் 3 விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. ஜோர்டான் கூடைக்கு முதுகைக் காட்டிப் பந்தை வாங்கும்போது வாரியர்ஸின் ட்ரேமண்ட் கிரீன் எவ்வளவு தூரம் நகர்ந்து வந்து உதவலாம் என்பதை இதுதான் தீர்மானிக்கும்.

எங்கள் தீர்ப்பு: தொடரை இரண்டு தடவை நடத்துவது. ஒன்று 1996 விதியில், ஒன்று 2017 விதியில்.

படி 3: ஸ்கோரை நம்பாதீர்கள்

1996 புல்ஸ் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 105.2 புள்ளி எடுத்தார்கள். 2017 வாரியர்ஸ் 115.9. பத்துப் புள்ளி கூட, கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். வாரியர்ஸ் ஆட்டத்தில் பந்து அதிக முறை கை மாறியது, அவ்வளவுதான்.

ஓர் அணியின் கைக்குப் பந்து வந்து, கூடையிலோ தவறிலோ முடிந்து, எதிரணிக்குப் போகும் வரை ஒரு பொசஷன். புல்ஸ் ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்கு இது சுமார் 91. வாரியர்ஸ் ஆட்டத்தில் கிட்டத்தட்ட 100. அதனால் எல்லாவற்றையும் 100 பொசஷன் கணக்குக்கு மாற்றித்தான் ஒப்பிட வேண்டும். எந்தப் புள்ளிவிவரத் தளத்திலும் இது தயாராகக் கிடைக்கும்.

புல்ஸ்: எடுத்தது 115.2, விட்டது 101.8.
வாரியர்ஸ்: எடுத்தது 115.6, விட்டது 104.0.

இப்போது அந்தந்த வருஷத்து லீக் சராசரியைக் கழியுங்கள். 1996-ல் சராசரி 107.6, 2017-ல் 108.8. புல்ஸ் தாக்குதலில் சராசரியைவிட 7.6 மேல், தடுப்பில் 5.8 மேல். வாரியர்ஸ் தாக்குதலில் 6.8 மேல், தடுப்பில் 4.8 மேல்.

"அந்த வருஷம் லீக்கே சோப்ளாங்கி, டொராண்டோவும் வான்கூவரும் அப்போதான் புதுசா வந்த டீம்" என்று நான் ஒரு குண்டு போட்டுப் பார்த்தேன். அந்தப் புது டொராண்டோவே 1996 மார்ச்சில் புல்ஸை 109-108 என்று தோற்கடித்தது என்பதை நானே நினைவுபடுத்தியிருக்கக் கூடாது. விவாதம் அரை மணி நேரம் திசைமாறியது. இதற்கெல்லாம் எண் போட முயல வேண்டாம், விட்டுவிடுங்கள்.

படி 4: நடுநிலை மைதானக் கணக்கு

பொதுவான சராசரியாக 108 வைத்துக்கொள்வோம். ஓர் அணியின் தாக்குதல் பலத்தைக் கூட்டி, எதிரணியின் தடுப்புப் பலத்தைக் கழிக்க வேண்டும்.

புல்ஸ்: 108 + 7.6 − 4.8 = 110.8
வாரியர்ஸ்: 108 + 6.8 − 5.8 = 109.0

இது 100 பொசஷனுக்கு. இரண்டு அணிகளின் வேகத்துக்கும் நடுவே 95 என்று வைத்தால், ஓர் ஆட்டத்துக்கு புல்ஸ் சுமார் 1.7 புள்ளி முன்னால். ஒரு கூடை கூட இல்லை. இருபது வருஷ இடைவெளியில் இருக்கும் இரண்டு அணிகளுக்கு நடுவே இவ்வளவுதான் வித்தியாசம் என்று வந்தபோது இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

படி 5: யாரை யார் பிடிப்பது?

எண் தனியாக எதையும் சொல்லாது. ஐந்து பேரை ஐந்து பேருக்கு எதிரே எழுதிப் பாருங்கள். சுவாரஸ்யமே இங்கேதான்.

கரியை புல்ஸின் ரான் ஹார்ப்பர் எடுத்துக்கொள்ளட்டும், டுராண்டை ஸ்காட்டி பிப்பன். மிச்சமிருக்கும் வாரியர்ஸ் வீரர் கிளே தாம்சன் ஜோர்டானுக்கு. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் 2016 டிசம்பரில் இண்டியானாவுக்கு எதிராகத் தாம்சன் 29 நிமிடத்தில் 60 புள்ளி எடுத்த ஆட்டத்தைப் பாருங்கள். அந்த 60-க்கும் சேர்த்து அவர் பந்தைத் தரையில் தட்டியது மொத்தம் 11 முறை. பந்து அவர் கையில் இருந்தது ஒன்றரை நிமிடம்தான். மீதி நேரமெல்லாம் ஸ்கிரீன்களை, அதாவது வழிமறித்து நிற்கும் சக வீரர்களை, சுற்றி ஓடிக்கொண்டே இருந்தார். அவரைப் பிடிப்பவரும் கூடவே ஓட வேண்டும். அந்தப் பக்கம் அப்படி ஓடிவிட்டு, இந்தப் பக்கம் வந்து 30 புள்ளி எடுக்க வேண்டும் ஜோர்டான்.

அடுத்து புல்ஸின் சென்டர், அதாவது கூடையடியில் ஆடும் உயரமான வீரர், லூக் லாங்லி. ஏழடிக்கு மேல் உயரம். வாரியர்ஸின் சென்டர் ஸாஸா பச்சூலியா களத்தில் இருக்கும் வரை கவலையில்லை. பச்சூலியாவை உட்காரவைத்து ஆந்த்ரே இக்வடாலாவை இறக்கி, கிரீனை சென்டராக்கினால் லாங்லி வெளியே வந்து கரியைத் துரத்த வேண்டியிருக்கும். அவரால் ஆகாது. புல்ஸ் டோனி குகோச்சை இறக்கி, டென்னிஸ் ராட்மனை கிரீனிடம் அனுப்புவதுதான் வழி.

ஆனால் ராட்மன் கணக்கு இரண்டு பக்கமும் வெட்டும். 1996 ஃபைனல்ஸ் ஆறாவது ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜோர்டான் 19 முறை எறிந்து 5 மட்டும் விழுந்தது. இருந்தும் புல்ஸ் 87-75 என்று வென்று கோப்பையைத் தூக்கினார்கள். ராட்மன் அன்று எடுத்த 19 ரீபவுண்டில் 11 தாக்குதல் பக்கம். தவறிப்போன 11 பந்துகளைத் தன் அணிக்கே திரும்ப வாங்கிக் கொடுத்திருக்கிறார். சீசன் முழுக்கப் பார்த்தால் புல்ஸுக்கு ஓர் ஆட்டத்தில் 15 தாக்குதல் ரீபவுண்ட், வாரியர்ஸுக்கு 9-க்குச் சற்று மேல். சென்டர் இல்லாமல் சின்ன அணியாக இறங்கினால் இந்த இடத்தில் வாரியர்ஸ் அடி வாங்குவார்கள்.

படி 6: விதிக்கு எத்தனை புள்ளி?

மனதுக்குப் பட்டதைப் போடாமல், சின்னக் கணக்காகப் போடுங்கள்.

2017 விதி: புல்ஸ் ஓர் ஆட்டத்தில் 16.5 த்ரீ எறிந்து 40 சதவீதம் போட்டார்கள். கோடு பின்னால் போனால் 35 என்று வைப்போம். முக்கால் கூடைக்குச் சற்று அதிகமாகக் குறையும், அதாவது சுமார் 2.5 புள்ளி. மூலையில் தூரம் மாறவில்லை என்பதால் அதற்கு மேல் குறைக்க வேண்டாம். கிரீன் நடுவில் நின்று உதவுவதற்கும் கரியைத் தொட முடியாததற்கும் இன்னொரு 2.5. ஆக, வாரியர்ஸுக்கு 5.

1996 விதி: கரிக்கு முன்கை அழுத்தம், ஜோர்டானுக்கு எதிராக உதவி குறைவு. புல்ஸுக்கு 4 கொடுத்தோம். "அவ்வளவுதானே?" என்றான். இல்லை. கிட்டக் கோடு வாரியர்ஸுக்கும் கிட்டக் கோடுதானே? ஓர் ஆட்டத்துக்கு 31 த்ரீ எறிகிற அணி அது. விகிதம் 3 சதவீதம் ஏறினாலே 2.5 புள்ளிக்கு மேல் வரும். அதைக் கழித்தால் புல்ஸுக்கு மிஞ்சுவது 1.5.

படி 4-ல் வந்த 1.7 உடன் சேர்த்தால்: 1996 விதியில் புல்ஸ் சுமார் 3 முன்னால், 2017 விதியில் வாரியர்ஸ் சுமார் 3 முன்னால். இந்த 4, 5 எல்லாம் எங்கள் அனுமானம். உங்களுக்கு வேறு தோன்றினால் மாற்றிக்கொள்ளுங்கள், காரணத்தை மட்டும் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

படி 7: சீட்டு எடுப்போம்

3 புள்ளி முன்னால் என்றால் எப்போதும் ஜெயிப்பார்கள் என்று அர்த்தமில்லை. தோராயமாக, ஒவ்வொரு ஒன்றரைப் புள்ளிக்கும் வெற்றி வாய்ப்பு 5 சதவீதம் நகரும். 20 சீட்டில் ஒரு சீட்டு. சரிசமம் என்றால் 10-10. 3 புள்ளி என்றால் 12-8. சொந்த மைதானத்தின் பலம் சுமார் 3 புள்ளி, அதாவது இன்னும் 2 சீட்டு.

1996 விதியில் புல்ஸுக்கு சிகாகோவில் 14 சீட்டு, வாரியர்ஸின் அப்போதைய சொந்த ஊரான ஓக்லாந்தில் 10. 2017 விதியில் சிகாகோவில் 10, ஓக்லாந்தில் 6. மீதி வாரியர்ஸுக்கு. 72 வெற்றி 67-ஐவிட அதிகம் என்பதால் தொடர் சிகாகோவில் தொடங்கும்.

இட வரிசையும் விதிப் புத்தகத்தைப் பொறுத்துத்தான். 2017 ஃபைனல்ஸ் முறை 2-2-1-1-1. 1996-ல் 2-3-2, அதாவது நடு மூன்று ஆட்டமும் ஓக்லாந்தில்.

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு சீட்டு எடுங்கள், பெயரைக் குறியுங்கள், சீட்டைத் திரும்ப டப்பாவில் போட்டுக் குலுக்குங்கள். நாங்கள் முதல் தொடரில் சீட்டைத் திரும்பப் போட மறந்துவிட்டோம். நாலாவது ஆட்டத்தில்தான் உறைத்தது, முதலிலிருந்து ஆரம்பித்தோம். யார் முதலில் 4 எடுக்கிறாரோ அவருக்குக் கோப்பை. ஒரு தொடரோடு நிறுத்தாமல் குறைந்தது பத்துத் தொடர் நடத்துங்கள். எக்செல் தெரிந்தவர்கள் ஆயிரம் தொடர்கூட ஓட்டலாம், ஆனால் டப்பாவைக் குலுக்கும்போது வருகிற படபடப்பு அதில் வராது.

எங்களுக்கு வந்தது: 1996 விதியில் பத்துத் தொடரில் புல்ஸ் 6. 2017 விதியில் புல்ஸ் 4. அந்த நாலில் ஒன்று, புல்ஸ் 1-3 என்று பின்தங்கியிருந்து வரிசையாக மூன்று சீட்டு எடுத்து வென்றது. ஆறாவது சீட்டு, ஓக்லாந்தில் ஆறே சீட்டு இருக்கும்போது, அவன் கையில் புல்ஸ் என்று வந்ததும் வீட்டையே எழுப்பிவிட்டான். 3-1-லிருந்து தோற்பது வாரியர்ஸுக்குப் புதிதில்லை என்று அவன் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை.

அடுத்து நீங்கள் பழக ஒரு ஜோடி: 1985-86 பாஸ்டன் செல்டிக்ஸும் 2000-01 லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸும். இதில் இரண்டு பொறிகள் உண்டு. லேக்கர்ஸ் லீக் ஆட்டங்களில் 56-26தான், ஆனால் பிளே ஆஃபில் 15-1. படி 3-ல் எந்த எண்ணை எடுப்பது என்று முதலிலேயே பேசிவிடுங்கள். செல்டிக்ஸ் அந்த சீசனில் சொந்த ஊரில் 40-1. அதற்கும் அதே 2 சீட்டுத்தானா? அத்தை மகன் 5 கேட்கிறான், நான் 3-க்கு மேல் தரமாட்டேன் என்று நிற்கிறேன்.