செல்ஃப் எடுக்காத காரும் டாஷ் கேமராவும்: வீட்டிலேயே பழுது பார்ப்பது எப்படி?

ரயிலில் ஊருக்குப் போய் மூன்று நாள் கழித்துத் திரும்பினோம். மறுநாள் காலை சாவியைத் திருப்பினால் "டிக்டிக்டிக்டிக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "பேட்டரி போச்சு சார், மாத்திடலாம்" என்றார். ஒன்றரை வருடப் பேட்டரி. மனசு கேட்கவில்லை, நானே பார்த்தேன். குற்றவாளி பேட்டரி இல்லை. இரண்டு மாதம் முன்பு ஆசையாக மாட்டிய டாஷ் கேமரா, அதாவது முன்கண்ணாடியிலிருந்து சாலையைப் படம்பிடிக்கும் கேமரா.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது, கேமராவை எப்படி முறையாக மாட்டுவது என்று பார்ப்போம். ஒரு மல்டிமீட்டர் (வோல்ட், ஆம்பியர் அளக்கும் கருவி), 10 எம்எம் ஸ்பேனர், சமையல் சோடா, பழைய டூத் பிரஷ் போதும். மோதிரம், வளையல், செயின் எல்லாவற்றையும் முதலில் கழற்றி வைத்துவிடுங்கள்.

முதலில் காது கொடுங்கள்

படபடவென்று தொடர்ந்து டிக் சத்தம் வந்தால் பெரும்பாலும் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் (பேட்டரியில் கேபிள் மாட்டும் முனை) சரியாகப் பிடிக்கவில்லை. ஒரே ஒரு 'டக்' கேட்டு, ஹெட்லைட்டும் பிரகாசமாக எரிந்தால் செல்ஃப் மோட்டார் பக்கம் சந்தேகப்படலாம். அது மெக்கானிக் வேலை. செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லையா? அப்போது பேட்டரியை விட்டுவிடுங்கள். பெட்ரோலோ ஸ்பார்க்கோ வரவில்லை என்று பொருள்.

டெர்மினல்

பானெட்டைத் திறந்து பேட்டரியின் இரண்டு முனைகளையும் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் மின்சாரம் தடைபடும். நெகட்டிவ் கேபிளை முதலில் கழற்றுங்கள், பாசிட்டிவை அடுத்து. மாட்டும்போது இதற்கு நேர்மாறு: பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். காரின் உடம்பு முழுக்க நெகட்டிவோடு இணைந்திருப்பதால், நெகட்டிவ் இருக்கும்போது பாசிட்டிவைத் திருகுகிற ஸ்பேனர் பாடியில் பட்டால் பெரிய தீப்பொறி பறக்கும். வெந்நீரில் சோடாவைக் கரைத்து பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்துக் காயவிட்டு மாட்டுங்கள். கையால் ஆட்டினால் அசையவே கூடாது. மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள்.

மீட்டர் என்ன சொல்கிறது?

இரவு முழுக்க நின்ற காரில், டிசி வோல்ட்டில் வைத்துப் பேட்டரியை அளங்கள். 12.6 என்றால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே என்றால் காலி. இன்ஜின் ஓடும்போது சாதாரணமாக 13.8 முதல் 14.5 வரை காட்டும். ஓடும்போதும் 12 சொச்சத்திலேயே நின்றால், இன்ஜினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை. புதுப் பேட்டரி போட்டாலும் அதே கதிதான்.

எனக்கு நின்றபோது 11.6. பக்கத்து வீட்டுக் காரின் பேட்டரியிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்ததும் 14.2. ஆக, சார்ஜ் ஏறுகிறது. நிற்கும்போது எதுவோ குடிக்கிறது. (ஜம்பர் போடும்போது கடைசி கறுப்பு கிளிப்பைக் காலியான பேட்டரியில் மாட்டாதீர்கள். தள்ளி, அதே காரின் இன்ஜினில் வெறும் இரும்பில் மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், பக்கத்தில் பொறி ஆகாது.)

திருடனைப் பிடிப்பது

நன்றாக ஓட்டிச் சார்ஜ் ஏற்றிவிட்டு, மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றுங்கள். நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரை இணையுங்கள். கதவுகளை மூடிவிட்டு அரை மணி நேரம் பொறுங்கள். காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள் தூங்கப் போக அவ்வளவு நேரம் பிடிக்கலாம். 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. மீட்டர் மாட்டியிருக்கும்போது மறந்தும் சாவியைத் திருப்பாதீர்கள். முடிந்ததும் சிவப்பு வயரைப் பழைய துளைக்கு மாற்றுங்கள். மாற்றாமல் வோல்ட் அளந்து ஒரு மீட்டரைச் சாகடித்த அனுபவம் உண்டு.

எனக்குக் காட்டியது 0.42. கணக்குப் போடுங்கள்: 72 மணி நேரத்துக்கு 30 ஆம்பியர்-மணி. என் பேட்டரியே 35தான். ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினால், எதைப் பிடுங்கும்போது எண் இறங்குகிறதோ அந்தப் பக்கம்தான் திருடன். எனக்கு ரூஃப் லைட் ஃப்யூஸில் இறங்கியது. கேமராவை மாட்டிய கடைக்காரர், சாவி இல்லாமலே எப்போதும் கரண்ட் இருக்கும் அந்த வயரைச் சீவி, டேப் சுற்றிவிட்டுப் போயிருக்கிறார்.

இனி சரியாக மாட்டலாம்

ஹார்டுவயர் கிட் ஒன்றும் ஃப்யூஸ் டேப் (fuse tap) ஒன்றும் வாங்குங்கள். இந்த டேப் ஒட்டும் டேப் இல்லை; ஃப்யூஸ் இடத்தில் சொருகி, கூடுதலாக ஒரு வயர் எடுக்க உதவும் சின்ன இணைப்பு. கேமராவுக்கு 5 வோல்ட்தான் வேண்டும், அந்தக் கிட் 12-ஐ இறக்கித் தரும். ஃப்யூஸில் சின்னது பெரியது உண்டு. உங்கள் காரின் ஃப்யூஸ் ஒன்றைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்ப்பது நல்லது.

மீட்டரின் கறுப்பு முனையை பாடியில் வைத்து, சாவி போட்டால் மட்டும் 12 காட்டுகிற ஃப்யூஸைத் தேடுங்கள். சார்ஜர் சாக்கெட், வைப்பர் ஃப்யூஸ்கள் தோதாக இருக்கும். ஏர்பேக், ஏபிஎஸ் (பிரேக்), இன்ஜின் ஃப்யூஸ்கள் பக்கம் போகவே வேண்டாம். நெகட்டிவைக் கழற்றிவிட்டு, பழைய ஃப்யூஸைப் பிடுங்கி, அதை ஃப்யூஸ் டேப்பின் ஒரு இடத்திலும், கேமராவுக்கான 2 அல்லது 3 ஆம்பியர் ஃப்யூஸை இன்னொன்றிலும் சொருகி மாட்டுங்கள். கிட்டின் எர்த் (நெகட்டிவ்) வயரை, பெயின்ட் இல்லாத இரும்பைத் தொடும் போல்ட்டின் அடியில் இறுக்குங்கள்.

ஃப்யூஸ் டேப்பைத் திருப்பி மாட்டுவது எல்லோரும் செய்யும் தவறு. சோதிக்க எளிய வழி: நெகட்டிவை மறுபடி இணைத்து, டேப்பிலிருந்து பழைய ஃப்யூஸை மட்டும் எடுத்துவிட்டு சாவியைப் போடுங்கள். கேமரா ஆன் ஆனால் சரி. ஆகவில்லை என்றால் டேப்பைத் திருப்பிச் சொருகுங்கள்; இல்லாவிட்டால் இரண்டு சாதனங்களின் சுமையும் பழைய ஃப்யூஸ் மேலேயே விழும்.

வயரைக் கண்ணாடி ஓரமாக ரூஃப் துணிக்குள் நகத்தால் தள்ளினாலே போய்விடும். பக்கவாட்டுத் தூணில் 'ஏர்பேக்' என்று எழுதியிருந்தால் மட்டும் ஜாக்கிரதை. ஏர்பேக்குக்கு முன்னால் வயர் போகக் கூடாது, பின்னால்தான் போக வேண்டும். கைவராது என்று தோன்றினால் அந்த ஒரு வேலையை மட்டும் தெரிந்தவரிடம் விடுங்கள்.

நெகட்டிவைக் கழற்றியதால் கடிகாரம் அழிந்திருக்கும். சில கார்களில் ஒரே தொடுதலில் ஏறும் ஜன்னல் பாதியில் நிற்கும். அதை மறுபடி அமைக்கும் வழி காருடன் தந்த புத்தகத்தில் இருக்கும். அன்று மாலை மறுபடி அளந்தேன்: 0.03. அதே பேட்டரிதான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.