சொத்துச் சட்டத்தை வீட்டுப் பத்திரத்தோடு படிப்பது எப்படி?

சட்டப் படிப்பின் முதல் ஆண்டில் சொத்துச் சட்ட உள்மதிப்பீட்டுத் தேர்வில் நான் வாங்கிய மதிப்பெண்ணை இங்கே எழுதப்போவதில்லை. விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்தபோது ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதை வைத்து ஊகித்துக்கொள்ளுங்கள். அடுத்த தேர்வுக்குள் பாடம் பிடிபட்டுவிட்டது. எப்படிப் பிடிபட்டது என்பதைத்தான் வரிசையாகச் சொல்கிறேன். ஒப்பந்தச் சட்டத்தின் அடிப்படைகள் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். தெரியாவிட்டால் முதலில் அதை முடித்துவிட்டு வாருங்கள்.

முதல் படி: புத்தகம். 'பேர் ஆக்ட்' என்று கடையில் கேட்டால் தருகிற, உரை இல்லாமல் சட்ட வாசகம் மட்டும் உள்ள மெல்லிய புத்தகம் போதும். சொத்து மாற்றுச் சட்டம், 1882. எட்டு அத்தியாயங்கள், 137 பிரிவுகள். அரசின் இந்தியா கோடு தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனாலும் அச்சுப் பிரதியை வாங்குங்கள். ஓரத்தில் எழுத வேண்டியிருக்கும். கேள்வி-பதில் கைடுகளைத் தேர்வுக்கு ஒரு மாதம் முன்பு தொட்டால் போதும். அதற்கு முன் தொட்டால் பிரிவுகளை நீங்கள் கடைசிவரை படிக்கவே மாட்டீர்கள். இணையத்தில் கிடைக்கும் இங்கிலாந்து, அமெரிக்க விரிவுரைக் காணொளிகளையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். விற்பனை ஒப்பந்தம் போட்டதுமே வாங்குபவருக்குச் சொத்தில் ஒருவகை உரிமை வந்துவிடும் என்று இங்கிலாந்துக்காரர் சொல்வார். நம் பிரிவு 54, கிரய ஒப்பந்தம் தன்னளவில் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது என்கிறது. நான் காணொளியை நம்பி எழுதினேன்.

இரண்டாம் படி: ஒரு பத்திரம். இதுதான் என் முறையின் உயிர். வீட்டு அலமாரியில் இருக்கும் கிரயப் பத்திரம், செட்டில்மென்ட், பாகப்பிரிவினை எதுவானாலும் சரி, நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மூலப்பத்திரத்தில் பென்சில் படக்கூடாது. என் அம்மா இதை மூன்று முறை சொல்லிவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார். சொந்த வீடு இல்லாதவர்கள் வாடகை ஒப்பந்தத்தை எடுக்கலாம். அது ஏன் பெரும்பாலும் பதினோரு மாதத்துக்கே போடப்படுகிறது என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? ஓராண்டைத் தாண்டும் குத்தகைக்குப் பதிவு கட்டாயம் என்கிற பிரிவு 107-ஐப் படியுங்கள். தமிழ்நாட்டில் வாடகைக்கு 2017-ஆம் ஆண்டின் தனிச் சட்டமும் இருக்கிறது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: பத்திரத்தின் ஒவ்வொரு வரிக்கும் நேரே பிரிவு எண்ணை எழுதுவது. பத்திர எழுத்தர்களின் நடையை நாம் கேலி செய்வோம். ஆனால் அந்தச் சமஸ்கிருதம் கலந்த நீண்ட வாக்கியங்களுக்குள் சட்டம் முழுவதும் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. எங்கள் பத்திரத்தில் 'தானாதி விநிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்' என்று ஒரு தொடர் வந்தது. சிறு வயதில் மந்திரம் என்றே நினைத்திருந்தேன். தானம் என்றால் பிரிவு 122. விநிமயம் என்றால் பரிவர்த்தனை, பிரிவு 118. விக்கிரயம் என்றால் விற்பனை, பிரிவு 54. மூன்று பிரிவுகள் ஒரே மூச்சில்! 'மாவடை மரவடை, வழிநடை பாத்தியம், கிணற்றுப் பாத்தியம் உட்பட' என்பது பிரிவு 8: நிலத்தைக் கொடுத்தால் மண்ணோடு ஒட்டிய பொருள்களும் அதற்குரிய வழியுரிமைகளும் கூடவே போகும். 'வில்லங்கம் ஏதேனும் தோன்றினால் என் சொந்தப் பொறுப்பில் தீர்த்துக் கொடுப்பேன்' என்பது விற்பவரின் கடமைகளைச் சொல்லும் பிரிவு 55. 'சர்வ சுதந்திரமாய்' என்று கொடுத்துவிட்டு, அடுத்த வரியிலேயே 'எக்காலத்திலும் விற்கக் கூடாது' என்று எழுதியிருந்தால் அந்த இரண்டாவது வரி செல்லாது. பிரிவு 10.

சாட்சிக் கையெழுத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. எல்லாப் பத்திரத்திலும் இரண்டு சாட்சிகள் இருப்பதால் விற்பனைக்கும் சட்டம் அதைக் கேட்கிறது என்று தோன்றும். தானத்துக்குக் கேட்கிறது, பிரிவு 123. பதிவாகும் அடமானத்துக்கும் கேட்கிறது, பிரிவு 59. விற்பனையைச் சொல்லும் பிரிவு 54-இல் அந்தச் சொல்லே இல்லை. வழக்கம் வேறு, சட்டம் வேறு என்பதைப் பத்திரம் வைத்துப் படிப்பவர்கள் மறந்துவிடக்கூடாது.

மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரிவு 3-இன்படி வெட்டுமரம், நிற்கும் பயிர், புல் மூன்றும் அசையாச் சொத்தில் சேராது. வேரோடு நிற்கும் மரம் எப்படி அசையும் சொத்தாகும் என்று குழம்பினால், சாந்தாபாய் எதிர் பம்பாய் மாநிலம் (1958) வழக்கை இந்தியன் கானூன் தளத்தில் படியுங்கள். கணவர் தம் ஜமீன் காட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் மரம் வெட்டிக்கொள்ளும் உரிமையை மனைவிக்குப் பதிவில்லாத ஆவணத்தால் கொடுத்தார். நீதிபதி விவியன் போஸ் மரத்துக்கும் வெட்டுமரத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கும் இடம் மிகத் தெளிவு. விரைவில் வெட்டும் எண்ணம் இருந்தால் அது வெட்டுமரம். மண்ணில் நின்று தொடர்ந்து வளர்ந்து பயன் தர வேண்டியதென்றால் மரம். முதல் ஆண்டில் ஒரே ஒரு தீர்ப்பைத்தான் முழுதாகப் படிப்பேன் என்பவர்கள் இதையே எடுக்கலாம்.

நான்காம் படிக்கு வருகிறேன். நான் விழுந்த இடம் இதுதான். பிரிவு 13-உம் 14-உம்.

எங்கள் தாத்தாவின் செட்டில்மென்ட் பத்திரத்தில் தோட்டம் மகனுக்கு ஆயுள் வரை, பிறகு மகனுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்கு என்று இருந்தது. பிறக்காத பிள்ளைக்குச் சொத்து கொடுக்கலாமா? கொடுக்கலாம், இரண்டு வேலிகளுக்குள். முதல் வேலி பிரிவு 13. இடையில் உயிரோடிருக்கும் ஒருவர் அனுபவிக்க வேண்டும். பிறக்காதவருக்குக் கொடுப்பதை முழுதாகக் கொடுக்க வேண்டும். 'பேரன் ஆயுள் வரை அனுபவித்து, பிறகு அவன் பிள்ளைகளுக்கு' என்று எழுதினால், பத்திரத் தேதியில் பிறக்காத பேரனுக்குக் கிடைப்பது ஆயுள் உரிமை மட்டும், அது செல்லாது. பின்னால் வருபவர்களுக்குக் கொடுத்ததும் அதோடு சேர்ந்தே விழும், பிரிவு 16. இரண்டாம் வேலி பிரிவு 14. இப்போது உயிரோடிருப்பவரின் ஆயுள், அதற்கு மேல் அது முடியும்போது இருக்கும் பிள்ளை பதினெட்டு வயதை எட்டும் காலம். அதைத் தாண்டிச் சொத்தைத் தொங்கவிட முடியாது. தாயின் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் 'இருக்கும்' கணக்கில் வரும்.

பிரிவு 13 'எவ்வளவு?' என்று கேட்கிறது, 14 'எப்போது?' என்று கேட்கிறது. இந்த ஒரு வரியை ஓரத்தில் எழுதிக்கொண்டாலே பாதி குழப்பம் போய்விடும்.

மீதிப் பாதிக்குக் கோடு போட வேண்டும். தேர்வில் வந்த கணக்கு இது: 1990-இல் ஒருவர் தம் மகனுக்கு ஆயுள் உரிமையும், அவனுக்குப் பிறக்கும் மூத்த பிள்ளைக்கு இருபத்தைந்து வயதில் முழு உரிமையும் எழுதுகிறார். அப்போது பிள்ளை பிறக்கவில்லை. மகன் இறக்கும்போது பிள்ளைக்கு வயது 27. செல்லுமா? நான் உற்சாகமாக 'செல்லும்' என்று எழுதினேன். இருபத்தைந்து தாண்டிவிட்டதே, இனி எதற்குத் தொங்க வேண்டும் என்பது என் வாதம். தவறு. நடந்தது என்ன என்று சட்டம் பார்ப்பதில்லை. பத்திரம் எழுதிய அன்று என்ன நடக்கக்கூடும் என்று பார்க்கிறது. 1990-இல் நின்று பாருங்கள். மகன், பிள்ளைக்கு ஒரு வயதாகும்போதே இறந்திருக்கலாம். அப்படியானால் இன்னும் இருபத்து நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். வேலி பதினெட்டு வயதில் முடிந்துவிடுகிறது. அந்த ஒரு வாய்ப்பு போதும், அன்றைக்கே செல்லாது.

ஆகவே நோட்டைக் குறுக்காக வைத்து நீளமாக ஒரு கோடு போடுங்கள். இடது ஓரத்தில் பத்திரத் தேதி. அந்தத் தேதியில் உயிரோடிருப்பவர்களின் பெயர்களைக் கோட்டுக்கு மேலேயும், பிறக்காதவர்களைக் கீழேயும் எழுதுங்கள். பிறகு மேலே இருக்கும் எல்லோரையும் மிக மோசமான நேரத்தில் சாகடியுங்கள். கொடூரமாகத் தோன்றும், இந்தப் பாடத்துக்கு வேறு வழி இல்லை. கீழே இருப்பவருக்கு உரிமை சேரும் நாள் பதினெட்டைத் தாண்ட இடமிருந்தால் செல்லாது. பென்சில் மட்டும், மூன்று பேரையாவது அழித்து அழித்துச் சாகடிக்க வேண்டியிருக்கும்.

பிறக்காதவருக்குக் கொடுப்பதன் சிக்கல் எங்கே உறைக்கும் என்றால், இந்தச் சட்டம் வருவதற்கு முன்பே, 1872-இல், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தீர்த்த தாகூர் வழக்கில். கல்கத்தாவின் பிரசன்ன குமார் தாகூர், கிறிஸ்தவராக மாறிய மகனை ஒதுக்கிவிட்டு, உறவினர் ஆயுளுக்கும் பிறகு தலைமுறை தலைமுறையாக அவர் வழியினருக்கும் என்று உயில் எழுதினார். பிறக்காதவர்களுக்கு இந்துச் சட்டப்படி கொடுக்க முடியாது என்றது தீர்ப்பு. உறவினரின் ஆயுள் உரிமை மட்டும் நின்றது. அதற்குப் பிறகான பங்கு, யாரை ஒதுக்கினாரோ அந்த மகனுக்கே போனது. பிறக்காதவர்களுக்கும் கொடுக்கலாம் என்று பிற்பாடு சட்டம் போட்டார்கள். சென்னை மாகாணத்துக்கு 1914-இலும், மற்ற இடங்களுக்கு 1916-இலும்.

ஐந்தாம் படி சிறியது. பதிவுத்துறைத் தளத்தில் உங்கள் சொத்துக்கு வில்லங்கச் சான்று பாருங்கள். கிரயம், அடமானம், ரத்து என்று வரிசையாக வரும். ஒவ்வொரு வரிக்கும் அத்தியாயத்தைச் சொல்லிப் பாருங்கள். இதற்கு மேல் மனப்பாட அட்டை எதுவும் தேவையில்லை.

பின்சேர்க்கை 1: சென்னையிலிருந்து எழுதிய மாணவி ஒருவர், 'லீசுக்கு விடப்படும்' பலகைகளை வைத்துக் குத்தகையைச் சொல்லும் பிரிவு 105-க்கு உதாரணம் எழுதி மதிப்பெண் இழந்திருக்கிறார். தவறு அவருடையது என்று சொல்ல மனம் வரவில்லை. சென்னையில் லீஸ் என்றால் மொத்தமாக ஒரு தொகை கொடுத்து, வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது தொகையைத் திரும்ப வாங்குவது. தெற்கே இதையே ஒத்தி என்பார்கள், சில ஊர்களில் போக்கியம். இயல்பில் இது பிரிவு 58-இல் வரும் அனுபவ அடமானத்துக்கே நெருக்கம்: வட்டிக்குப் பதில் வீட்டை அனுபவிப்பது. பதிவு செய்யாமல் முத்திரைத்தாளில் எழுதிக்கொள்வதுதான் ஊர் வழக்கம். பிரிவு 59-ஐப் படித்த பிறகு அந்தத் தாளைப் பார்த்தால் பயமாக இருக்கும்.

பின்சேர்க்கை 2: 'பொது அதிகார ஆவணம் வைத்திருக்கிறோம், வீடு எங்களுடையதுதானே?' என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். சூரஜ் லாம்ப் வழக்கின் 2011-ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் படியுங்கள். அதிகார ஆவணத்தால் உரிமை மாறாது. பதிவான கிரயப் பத்திரம் வேண்டும்.

பின்சேர்க்கை 3: 'எங்கள் பாட்டி வீட்டை வாய்மொழியாகவே கொடுத்துவிட்டார், உங்கள் பிரிவு 123 எங்கே போயிற்று?' என்று ஓர் இஸ்லாமிய நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி, நான் எழுதாமல் விட்டது என் பிழை. தான அத்தியாயம் இஸ்லாமியச் சட்டத்தைத் தொடாது என்று பிரிவு 129 சொல்கிறது. கொடுக்கிறேன் என்ற அறிவிப்பு, பெறுபவரின் ஏற்பு, சுவாதீனம் ஒப்படைத்தல் மூன்றும் இருந்தால் ஹிபா, அதாவது இஸ்லாமியச் சட்டப்படியான தானம், நிறைவேறும். இனி பத்திரத்தின் ஓரத்தில் பிரிவு எண் எழுதுமுன், அது யாருடைய பத்திரம் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். என் நோட்டில் அதற்கென்று இப்போது ஒரு தனிக் கட்டம் இருக்கிறது.