புகைமூட்டம் வரும் முன் ஓர் அறையைத் தயார் செய்வது எப்படி

தோட்டத்து வீடு காற்றோட்டத்துக்காகவே கட்டப்பட்டது. நாக்கோ கண்ணாடிப் பட்டை ஜன்னல், சுவரின் மேல்வரிசையில் துளைக்கல், தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி. புகையும் அந்த வழியில்தான் வரும். வீடு முழுவதையும் அடைக்கப் பார்த்தால் பாதியிலேயே கை ஓய்ந்துவிடும். ஓர் அறையை மட்டும் எடுத்துக்கொண்டு ஒழுங்காகச் செய்யுங்கள்.

ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று சுமத்ராவின் காட்டுத்தீப் புகையை நம் மலேசியாவின் மேற்குக் கரைக்குக் கொண்டுவரும். எல்லாப் புகையும் அங்கிருந்துதான் என்று நினைக்க வேண்டாம். சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயா பக்கத்து ராஜா மூசா கரிச்சதுப்புக் காட்டிலும், கிள்ளான் ஜொஹான் செத்தியாவிலும் வறட்சியில் தீப்பிடிப்பது உண்டு. மட்கிய செடிகொடி படிந்த இந்தக் கரிமண்ணில் தீ நிலத்தடியில் கனன்றுகொண்டிருக்கும். ஒரு மழைக்கு அணையாது. அதனால் மே மாதத்திலேயே வேலையை முடித்துவிடுவது நல்லது.

ஐபியு என்னும் காற்று மாசு எண்ணைப் பார்க்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். 51 முதல் 100 வரை மிதம், 101க்கு மேல் ஆரோக்கியமற்றது, 201க்கு மேல் மிகவும் ஆரோக்கியமற்றது, 301க்கு மேல் அபாயம். 2005 ஆகஸ்டில் கோலசிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் 500ஐத் தாண்டியதால் அவசரநிலை அறிவித்தார்கள். 2013 ஜூனில் மூவாரில் 746. ஆனால் நுண்துகளுக்கான ஐபியு 24 மணி நேரச் சராசரி. காலையில் புகை திடீரென்று அடர்ந்தால் எண் மெதுவாகத்தான் ஏறும். எனவே வாசலிலிருந்து தினமும் ஒரே இடத்தில் நின்று, செம்பனை ஆலையின் புகைபோக்கியோ தண்ணீர்த் தொட்டியோ தெரிகிறதா என்று பாருங்கள். அது மறைந்தால் எண் ஏறும்வரை காத்திருக்க வேண்டாம்.

அடுப்படிக்குத் தள்ளி, ஜன்னல் குறைவாக உள்ள அறை போதும். பகலில் வீட்டுக்கு வெளியே காற்று வீசும் நேரத்தில், அறைக்குள் ஒரு ஊதுவத்தியைக் கொளுத்தி ஜன்னல் விளிம்பு, துளைக்கல், கதவிடுக்கு எல்லாவற்றின் அருகிலும் கொண்டுபோங்கள். புகை வளைந்து ஆடும் இடமெல்லாம் ஓட்டை. நாக்கோ பட்டைகள் மூடினாலும் ஒன்றோடொன்று படியாது. அவற்றை ஒவ்வொன்றாக ஒட்டாமல், கனமான பிளாஸ்டிக் தாளைச் சட்டத்தின் மேல் முழுதாக விரித்து நான்கு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். துளைக்கல்லுக்கும் அதே. மேல்கூரைப் பலகை இல்லாத அறையென்றால் இந்த வேலையே வீண், வேறு அறை பாருங்கள். கதவடிக்குப் பழைய துண்டைச் சுருட்டி வைத்தால் போதும். ஈரத்துணியைத் தொங்கவிட்டால் புகை வடியும் என்பது வெறும் நம்பிக்கை. முடியைவிட முப்பது மடங்கு சன்னமான துகளை அது பிடிக்காது.

அடைத்தால் மட்டும் போதாது, உள்ளிருக்கும் புகையை வடிகட்ட வேண்டும். பத்துக்குப் பத்து அடி, ஒன்பதடி உயர அறையில் ஏறத்தாழ 25 கன மீட்டர் காற்று. மணிக்கு ஐந்து முறை சுத்தமாக வேண்டுமென்றால் 125 கன மீட்டர். சுத்திகரிப்பான் வாங்கினால் பெட்டியில் அச்சிட்ட சிஏடிஆர் எண், அதாவது அது மணிக்குத் தரும் சுத்தக் காற்றின் அளவு, இதற்குக் குறையக் கூடாது. பட்ஜெட் இடிக்கிறதா? பெட்டிக் காற்றாடி ஒன்று, அதன் முகப்பளவுக்கு நுண்துகளைப் பிடிக்கும் மெர்வ் 13 தர வடிகட்டி ஒன்று. காற்றை இழுக்கும் பின்பக்கத்தில், அம்புக்குறி காற்றாடியை நோக்கி இருக்கும்படி வடிகட்டியை வைத்து ஓரமெல்லாம் டேப்பால் மூடுங்கள். விரலளவு இடைவெளி இருந்தாலும் காற்று அதன் வழியே குறுக்காகப் போய்விடும். சிரிம் தரச்சான்று ஒட்டு உள்ள புதிய காற்றாடியே வேண்டும். வடிகட்டி தடுப்பதால் மோட்டார் சூடேறும், பழையது தாங்காது. வடிகட்டி சாம்பல் நிறமானால் மாற்றுங்கள். கழுவினால் அதன் இழைகளிலுள்ள மின்னூட்டம் போய்விடும், அப்புறம் அது வெறும் துணிதான்.

சுவரில் மாட்டும் ஏர்கோன் பொதுவாக வெளிக்காற்றை இழுப்பதில்லை, தாராளமாகப் போடலாம். ஆனால் அதன் வலை நுண்துகளைப் பிடிக்காது.

பெரிய தவறு எங்கே நடக்கிறது தெரியுமா? அடைத்த அறையில் கொசுவத்தி. ஒரு சுருள் முழுவதும் எரிந்தால் 75 முதல் 137 சிகரெட் வரை எரிந்த அளவு நுண்துகள் வரும் என்று ஆய்வில் அளந்திருக்கிறார்கள். கொசு வலை கட்டுங்கள். சாம்பிராணியும் மிளகாய்த் தாளிப்பும் அந்த அறையின் பக்கம் வேண்டாம்.

மூடியே வைத்தால் மூச்சு கனக்கும். மழை பெய்து ஓய்ந்ததும் பத்து நிமிடம் திறந்து விடுங்கள். விடியற்காலையில் திறக்காதீர்கள், குளிர்ந்த காற்று தரையோடு படிந்து புகையையும் கீழே பிடித்து வைத்திருக்கும். மலிவான கருவியால் அளப்பவர்களுக்கும் இந்நேரம் ஏமாற்றம்தான், ஈரப்பதத்தைத் துகளென்று எண்ணி அதிகம் காட்டும்.

வெளியே போனால் என்95 முகக்கவசம். தாடியிருந்தால் முகத்தோடு ஒட்டாது.

புகை தீர்ந்தபின் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். டேப்பை வெயிலில் பல வாரம் விட்டால் பசை கண்ணாடியிலேயே காய்ந்துவிடும். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டு எடுங்கள்.