சிம்னி வாங்கும் முன் சுவரைப் பாருங்கள்

வீட்டுக்குச் சிம்னி வாங்கலாம் என்று முடிவு செய்ததும் நம்மில் பலரும் முதலில் பார்ப்பது எதில் காற்றை இழுக்கும் சக்தியான சக்‌ஷன் அதிகம், 1200-ஆ 1400-ஆ என்பதைத்தான். நானும் அப்படித்தான் பெட்டியில் 1400 என்று போட்டிருந்ததை வாங்கி மாட்டினேன். முதல் ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் வறுத்தபோது நெடி கூடத்தைத் தாண்டிப் படுக்கையறைத் தலையணை வரைக்கும் போய்விட்டது. மூன்று மாதம் கழித்து எதையோ தேடிப் பரண் கதவைத் திறந்தபோதுதான் காரணம் தெரிந்தது. சிம்னியிலிருந்து 6 அங்குலமாகக் கிளம்பிய பைப்பை, சுவரில் ஏற்கெனவே 4 அங்குல ஓட்டைதான் இருக்கிறது என்பதால், மாட்ட வந்தவர் நடுவில் சுருக்கி, பித்தளைப் பாத்திரங்களுக்கு இடையே மூன்று இடத்தில் வளைத்து வெளியே விட்டிருந்தார். 4 அங்குலக் குழாயின் வாய், 6 அங்குலத்தில் பாதிகூட இல்லை. எவ்வளவு நல்ல மோட்டாராக இருந்தாலும் அந்தச் சந்துக்குள் காற்றைத் தள்ள முடியாமல் சத்தம் மட்டும்தான் போடும்.

அதனால் கடைக்குப் போகும் முன் அடுப்படியில் நின்று சுவரைப் பாருங்கள். அடுப்பு வெளிச்சுவரை ஒட்டியிருக்கிறதா? அப்படியானால் கவலையே இல்லை, சிம்னிக்கு நேர் பின்னாலோ மேலேயோ துளை போட்டு ஓர் அடி, இரண்டு அடியில் பைப்பை வெளியே கொண்டுபோய்விடலாம். உள்சுவரை ஒட்டியிருந்தால் பைப் எந்த வழியாகப் போகும், எத்தனை வளைவு வரும் என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு வளைவும் இழுக்கும் சக்தியைக் குறைக்கும். ஒரு வளைவு பரவாயில்லை, இரண்டு சமாளிக்கலாம், அதற்கு மேல் என்றால் வேறு வழி யோசியுங்கள். துளையை 6 அங்குலத்துக்கு, சுவரை வட்டமாக அறுத்தெடுக்கும் கோர் கட்டிங் மிஷின் வைத்துப் போடச் சொல்லுங்கள். உளியும் சுத்தியலும் வைத்து உடைத்தால் டைல்ஸ் கீறும், பூச்சு உதிரும். தூணிலும் பீமிலும் கை வைக்கவே கூடாது. பைப் வெளியே எங்கே திறக்கிறது என்பதையும் பாருங்கள், நம் வீட்டுத் தாளிப்புப் புகை பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலில் போய் முட்டினால் அது பெரிய மனக்கசப்பு. வெளி வாயில் தானாக மூடிக்கொள்ளும் மூடி ஒன்று அவசியம், இல்லாவிட்டால் மழைச்சாரலும் எதிர்க்காற்றும் உள்ளே வரும், குருவி கூடு கட்டும்.

நம் பக்கத்து வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. கிழக்கு பார்த்துச் சமைக்க வேண்டும் என்று மேடையை அமைத்து, அடுப்புக்கு நேர் எதிரே ஜன்னலும் வைத்துவிடுவோம். ஜன்னல் மேல் சிம்னி மாட்ட இடமிருக்காது. சில வீடுகளில் அடுப்பை இரண்டடி நகர்த்தினாலே போதும். அது முடியாது என்றாலோ, வாடகை வீடு, சுவரில் துளை போட ஓனர் விடமாட்டார் என்றாலோ, கடையில் பைப்பே இல்லாத சிம்னியைக் காட்டுவார்கள். அது புகையைக் கரி ஃபில்டர் வழியாக வடிகட்டித் திரும்பவும் அடுப்படிக்குள்ளேயே விடும். எண்ணெய்ப் பிசுக்கும் வாடையும் ஓரளவு குறையும். சூடும் நீராவியும் அப்படியே உள்ளே இருக்கும். பெரும்பாலான கரி ஃபில்டர்களைக் கழுவியும் பயன்படுத்த முடியாது, மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிது வாங்க வேண்டும். தினமும் தாளித்து, வாரம் இரண்டு நாள் மீனோ வடையோ பொரிக்கும் வீட்டுக்கு அது போதவே போதாது என்பதுதான் என் கருத்து. அந்தப் பணத்தில் மேல் ஜன்னலில் 9 அல்லது 12 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள், அது காற்றை வெளியே தள்ளவாவது செய்யும்.

சரி, வழி கிடைத்துவிட்டது என்றால் அடுத்தது அகலம். அடுப்பைவிடச் சிம்னி சிறியதாக இருக்கக் கூடாது. டேப் வைத்து அடுப்பை அளந்துவிட்டுப் போங்கள். இரண்டு பர்னர் அடுப்பு பெரும்பாலும் 60 செ.மீ. சிம்னிக்குள் அடங்கிவிடும், மூன்று, நான்கு பர்னர் என்றால் 75 அல்லது 90. சந்தேகம் வந்தால் பெரியதையே எடுங்கள், ஓரத்து பர்னரில்தான் நாம் வாணலியை வைப்போம். உயரம் என்றால் அடுப்பின் மேற்பரப்பிலிருந்து 26 முதல் 30 அங்குலம் என்பதுதான் வழக்கம், கூடவே வரும் புத்தகத்தில் அந்த மாடலுக்கு உரிய அளவு இருக்கும். அதைவிடக் கீழே இறக்கினால் தீ ஆபத்து, தலையிலும் இடிக்கும். மேலே ஏற்றினால் புகை பக்கவாட்டில் தப்பிவிடும். வீட்டில் அதிகம் சமைப்பவரை அடுப்பு முன் நிற்க வைத்து, குனிந்து இட்லிக் கொப்பரையைத் தூக்குவதுபோல் செய்து காட்டச் சொல்லி, அப்புறம் உயரத்தைக் குறியுங்கள்.

ஃபில்டர் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள், ஏனென்றால் அதோடுதான் பத்து வருடம் வாழப்போகிறீர்கள். மூன்று வகை கிடைக்கும். மெல்லிய அலுமினிய வலை அடுக்குகள் கொண்டது விலை குறைவு, ஆனால் நம் சமையலுக்குச் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். பாஃபிள் என்பது வளைந்த ஸ்டீல் பட்டைகள். காற்று அந்த வளைவுகளில் சட்டென்று திரும்பிப் போய்விடும், கனமான எண்ணெய்த் துளிகளால் அப்படித் திரும்ப முடியாததால் பட்டையில் மோதி வழியும். கழற்றி வெந்நீரில் பாத்திர சோப்பு போட்டு ஊறவைத்துத் தேய்த்துவிடலாம். மூன்றாவது, ஃபில்டரே இல்லாதது. இதில் சுழலும் விசிறியே எண்ணெயை ஓரத்துக்கு வீசி, கீழே இருக்கும் சின்னக் கிண்ணத்தில் சேர்க்கும், ஆட்டோ கிளீன் பட்டனை அழுத்தினால் உள்ளே இருக்கும் கம்பி சூடாகி ஒட்டியிருக்கும் பிசுக்கை இளக்கி வடித்துவிடும். வேலை மிச்சம்தான், ஆனால் பட்டன் இருக்கிறதே என்று சர்வீஸே தேவையில்லை என்று நினைக்க வேண்டாம். மாதக்கணக்கில் விட்டால் பிசுக்கு காய்ந்து அரக்கு மாதிரி ஆகிவிடும், அதை அந்தச் சூடு அசைக்காது. எனக்கு ஸ்டீல் பாஃபிள்தான் பிடிக்கும். ஒரு பொருள் அழுக்காகியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, கையால் கழுவ முடிகிறதே, அந்த நிம்மதி பெரியது.

இப்போது பெட்டியில் இருக்கும் எண்ணுக்கு வருவோம். அது ஒரு மணி நேரத்தில் எத்தனை கன மீட்டர் காற்றை இழுக்கும் என்ற கணக்கு. பத்தடிக்கு எட்டடி, பத்தடி உயரம் கொண்ட அடுப்படியின் கொள்ளளவு சுமார் 23 கன மீட்டர். அந்தக் காற்றை மணிக்கு 15 முறை மாற்றினாலே சுமார் 340 கன மீட்டர்தான் ஆகிறது. பைப், வளைவு, பிசுக்கு எல்லாம் சேர்ந்து பாதியைத் தின்றாலும் 1000, 1200 தாராளம். அதற்கு மேல் கொடுக்கும் பணத்தை 6 அங்குல பைப்புக்கும் நல்ல வேலைக்கும் கொடுங்கள். பெட்டியில் அதைவிட முக்கியமான எண் சத்தத்தின் அளவான டெசிபல், ஏனென்றால் சத்தம் தாங்க முடியாவிட்டால் நாளடைவில் சிம்னியைப் போடுவதையே நிறுத்திவிடுவோம். கடையில் ஓடவிட்டு, பக்கத்தில் நின்று சாதாரணக் குரலில் பேசிப் பாருங்கள். டச், கையசைத்தால் ஓடுவது எல்லாம் பார்க்க அழகு. எண்ணெயும் மாவும் ஒட்டிய கைக்கு அழுத்தும் பட்டன்தான் வசதி, கெட்டுப்போனால் சரிசெய்வதும் சுலபம். கரண்ட் பற்றிப் பயப்பட வேண்டாம், 200 வாட் மோட்டாரைத் தினமும் இரண்டு மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாத பில்லில் 24 யூனிட்.

ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். சிலிண்டர் காஸ் கசிந்த வாடை வந்தால் சிம்னியைப் போடவே கூடாது. அந்த காஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும், மேலே இருக்கும் சிம்னிக்கு எட்டாது. சுவிட்சில் வரும் ஒரு பொறி போதும் தீப்பிடிக்க. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறங்கள்.

தினசரி உபயோகத்தில், அடுப்பு பற்றவைக்கும் போதே சிம்னியைப் போட்டுவிடுங்கள், சமைத்து முடித்து பத்து நிமிடம் கழித்து நிறுத்துங்கள். வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வேண்டும், அதனால் அடுப்படிக் கதவையோ தள்ளியிருக்கும் ஜன்னலையோ திறந்து வையுங்கள். அடுப்பை ஒட்டிய ஜன்னலைத் திறந்தால் குறுக்குக் காற்று புகையைத் தள்ளிவிடும்.

மாட்ட வரும் நாளன்று யாராவது ஒருவர் கூடவே நின்று பாருங்கள். பைப் ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே 6 அங்குலமா, அலுமினிய பைப் என்றால் கசங்காமல் இழுத்து நீட்டியிருக்கிறதா, இணைப்புகளில் டேப் ஒட்டியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். அப்புறம் அரைத்தாள் செய்தித்தாளை ஃபில்டருக்குக் கீழே காட்டுங்கள், குறைந்த வேகத்திலேயே அது போய் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். என் வீட்டில் பழைய துளையை அகலப்படுத்தி, ஒரே வளைவில் பைப்பை மாற்றிப் போட்ட அன்று அதே பழைய சிம்னியில் தாள் படக்கென்று ஒட்டியது. அதற்கு முன் அது தொங்கி ஆடிக்கொண்டுதான் இருந்தது. எல்லாம் சரியென்றால் பைப்பை போட்டோ எடுத்து வைத்துவிட்டுப் பரணை மூடுங்கள், பாத்திரங்களை அதன் மேல் சாய்க்காமல் அடுக்குங்கள்.