‘புரியல டீச்சர்’ என்று சொல்ல வைப்பது எப்படி: கடலோரப் பள்ளிக்குப் புதிதாக வரும் அறிவியல் ஆசிரியர்களுக்கு

ராமநாதபுரம் கடலோரப் பள்ளிகளுக்குப் புதிதாக வரும் ஆசிரியர்கள் என்னிடம் முதலில் கேட்பது, “பிள்ளைகளுக்குப் படிப்பில் ஆர்வமே இல்லையே, என்ன செய்வது?” என்பதுதான். நான் ஏர்வாடிப் பக்கம் ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் அறிவியல் நடத்துகிறேன். ஆர்வம் இல்லை என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். எந்தக் காற்றுக்கு எங்கே வலை போடலாம் என்று அப்பாவோடு வாதாடுகிற பையன் நம் வகுப்பில் வாயே திறக்கவில்லை என்றால், அவனுக்குத் தெரிந்த எதையும் நாம் கேட்கவில்லை என்று அர்த்தம்.

எங்கள் மாவட்டத்துப் பள்ளி விழாக்களில் “கலாமைப் போல வரணும்” என்று சொல்லாதவர்கள் இல்லை. பிள்ளைகளும் கைதட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். நாம் பார்க்க வேண்டியது அவருடைய ஆசிரியரை. ராமேஸ்வரத்தில் கலாம் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, சிவசுப்பிரமணிய ஐயர் கரும்பலகையில் படம் வரைந்து, பறவை எப்படிப் பறக்கிறது என்று நடத்தினார். புரிந்ததா என்று கேட்டார். புரியவில்லை என்றார் கலாம். மற்ற பிள்ளைகளும் அதையே சொன்னார்கள். ஐயர் கோபப்படாமல் எல்லோரையும் கடற்கரைக்குக் கூட்டிப்போய்ப் பறவைகளையே காட்டினார். கலாம் பல மேடைகளில் சொன்ன சம்பவம் இது. ‘புரியவில்லை’ என்று ஒரு பிள்ளையால் பயமில்லாமல் சொல்ல முடிந்ததே, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

அதனால் முதல் வேலை அதுதான். வகுப்பைப் பார்த்துப் பொதுவாக “புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள். “புரிஞ்சுது டீச்சர்” என்று ராகம் போட்டு ஒரே குரலில் பதில் வரும். அதற்குப் பதிலாக, பாடம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது துண்டுச் சீட்டு கொடுங்கள். புரியாத ஒன்றைப் பெயர் போடாமல் எழுதட்டும். அடுத்த நாள் வகுப்பை அந்தச் சீட்டுகளிலிருந்தே தொடங்குங்கள். ஒரு பிள்ளையின் கேள்விக்கு மற்றவர்கள் யாராவது சிரித்தால் அங்கேயே நிறுத்திக் கண்டியுங்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. கொஞ்ச நாளில் சீட்டு தேவைப்படாது, கை தூக்கிக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அடுத்தது, ஊரில் இருப்பதைக் கொண்டு பாடம் நடத்துவது. ஒன்பதாம் வகுப்பில் ‘பாய்மங்கள்’ பாடத்தில் மிதப்பு விசை வருகிறது. வாலிநோக்கம் உப்பளம் எங்களுக்குப் பக்கம். அங்கே வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் வகுப்பிலேயே இருப்பார்கள். அவர்களிடம் சொல்லி, கடல்நீர் ஒரு பாட்டில், உப்பு விளையும் பாத்தியிலிருந்து நீர் ஒரு பாட்டில் கொண்டுவரச் சொல்லுங்கள். குடிநீர் பள்ளியிலேயே இருக்கிறது. மூன்று கண்ணாடி டம்ளர், ஒரு முட்டை, அவ்வளவுதான். முட்டை புதிதாக இருக்க வேண்டும். நாள்பட்ட முட்டைக்குள் காற்று கூடிவிடும், அது நல்ல தண்ணீரிலேயே மிதந்து பாடத்தைக் கெடுத்துவிடும்.

முட்டையை உடனே போட்டுவிடாதீர்கள். எந்த டம்ளரில் மிதக்கும், எதில் மூழ்கும் என்று ஒவ்வொருவரும் நோட்டில் பேனாவால் எழுதட்டும். பென்சில் வேண்டாம், அழித்துவிடுவார்கள். ‘உப்புத் தண்ணீரில் மிதக்கும்’ என்று எங்கோ கேட்டிருப்பதால் பெரும்பாலானவர்கள் கடல்நீரில் மிதக்கும் என்றே எழுதுவார்கள். போட்டுப் பாருங்கள், கடல்நீரிலும் முட்டை அடியில் போய் உட்கார்ந்துவிடும். பாத்தி நீரில்தான் மேலே வந்து, தலையை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தில் வகுப்பில் எழும் சத்தத்தை அடக்காதீர்கள். “ஏன் டீச்சர்?” என்று அவர்களே கேட்கும்வரை விளக்கத்தையும் ஆரம்பிக்காதீர்கள்.

அப்புறம் கணக்கு. ஒரு டம்ளரில் விளிம்பு வரை நீர் நிரப்பித் தட்டில் வைத்து, முட்டையை மெதுவாக இறக்குங்கள். வழிந்த நீரை ஊசி இல்லாத சிரிஞ்சால் அளந்தால் முட்டையின் கன அளவு கிடைத்துவிடும். எடைக்குத் தராசு போதும். முட்டை 60 கிராம், வழிந்தது 55 மில்லி என்று வைத்துக்கொள்வோம். 55 மில்லி கடல்நீரின் எடை ஏறக்குறைய 56 கிராம். தாங்க வேண்டியது 60, அதனால் மூழ்குகிறது. அதே 55 மில்லி பாத்தி நீர் என்றால் 66 கிராம். ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தை மனப்பாடம் செய்யாத பிள்ளைக்கும் இந்த இரண்டு வரிக் கணக்கு மறக்காது.

உப்பளத்தில் வேலை செய்யும் ஒருவரை, தலைமையாசிரியரின் அனுமதியோடு வகுப்புக்கு வரச் சொல்லுங்கள். நீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரைப் பாத்தி நீரில் விட்டு, “25 டிகிரி வந்தாத்தான் டீச்சர் உப்பு பூக்கும்” என்று அவர் சொல்வார். இந்த டிகிரி வெப்பத்தின் அளவு அல்ல, அடர்த்தியைக் காட்டும் ‘போமே’ அளவு. கடல்நீரில் அதே கருவி மூன்று, மூன்றரையில் நிற்கும். கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளில் ஒன்று அவருடைய மகளாக இருக்கலாம். அன்றைக்கு அவள் உட்காரும் விதமே வேறாக இருக்கும். நாம் என்ன ஊக்கம் கொடுத்துப் பேசினாலும் இது வராது.

கடல்பாசி எடுக்கப் போகிற அம்மாக்களையும் விட்டுவிடாதீர்கள். அமாவாசை, பவுர்ணமியை ஒட்டிக் கடல் எவ்வளவு வற்றும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. ஒரு கம்பில் சென்டிமீட்டர் கோடு போட்டு, படகுத்துறைத் தூண் ஒன்றில் பெரியவர்கள் யாரையாவது கொண்டு கட்டச் சொல்லுங்கள். பிள்ளைகள் கரையில் நின்றே நீர்மட்டத்தைப் பார்த்துக் குறிக்கட்டும். இங்கே ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான், அதனால் கோடுகள் நெருக்கமாக இருக்க வேண்டும். ஒரு மாதக் கணக்கை வரைபடத்தாளில் போட்டால், நிலாவும் சூரியனும் சேர்ந்து இழுக்கும் நாட்கள் தானாகத் தெரியும்.

காற்றுக்குக் கரும்பலகையில் ஒரு மூலை ஒதுக்குங்கள். வடக்கிலிருந்து வரும் வாடையா, கிழக்கிலிருந்து வரும் கொண்டலா, தெற்கிலிருந்து வரும் சோழகமா, மேற்கிலிருந்து வரும் கச்சானா என்று தினமும் ஒருவர் எழுதட்டும். கச்சான் காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும்போது பாம்பனுக்கு வடக்கே கடல் அமைதியாகக் கிடக்கிறதே, ஏன் என்று கேளுங்கள். பதில் தெரிந்த பையன் கடைசி பெஞ்சில்தான் இருப்பான்.

தேர்வு என்ன ஆவது என்று கேட்பீர்கள். சோதனை முடிந்ததும் புத்தகத்தை மூடி வைத்து, மிதத்தல் விதியை அவரவர் சொந்த நடையில் எழுதச் சொல்லுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து, அதில் இருந்து தாங்கள் விட்டுவிட்ட சொல்லைச் சிவப்பு மையில் சேர்க்கட்டும். பெரும்பாலும் ‘இடப்பெயர்ச்சி செய்யப்பட்ட’ என்பதுதான் விட்டுப்போயிருக்கும். அதைத் தட்டில் வழிந்த நீரைக் காட்டிச் சொல்லிக்கொடுங்கள்.